கப்பல் யாருக்காகக் காத்திருக்கிறது?

(கோவையில் டிசம்பர் 6 அன்று நிகழ்த்தப்பட்ட அம்பேத்கர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



பாபாசாகேப் நினைவு நாளில் துறைமுகங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது ஏற்பாட்டுத் தோழர்கள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் கடல் இல்லை. நம் சேரிகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே ராமேசுவரம் போனபோதுதான். பிறகு எதற்குத் துறைமுகம்?

என் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தவர். வாரத்தில் மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட். சில வாரங்களில் வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கே வரமாட்டார். மறுநாள் காலையில் கண் சிவந்து வந்து நின்றால், ஏன் என்று கேட்பேன். "கப்பல் போயிருமாமா கண்ணு" என்பார். கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டால், "அதெங்கியோ தூத்துக்குடியிலயாமா. அது போயிருச்சுன்னா ஆர்டரும் போயிருமாமா." நொய்யலுக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் கப்பல் நிற்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 300 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு கப்பல் என் அம்மாவின் தூக்கத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பது பிற்பாடு சமூகவியல் படிக்கும்போதுதான் புரிந்தது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

இன்று நாட்டின் கரையெங்கும் புதிய துறைமுகங்கள் எழுகின்றன. கேரளத்தில் விழிஞ்ஞம் 2025 மே 2 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் வாதவன் துறைமுகத்துக்கு 2024 ஆகஸ்ட் 30 அன்று அடிக்கல் நாட்டினார்கள். செலவு 76,000 கோடி ரூபாய்க்கு மேல். பெரிய நிகோபார் தீவின் கலாத்தியா விரிகுடாவில் ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. தூத்துக்குடியில் வெளித்துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல். இவை வந்தால் ஏற்றுமதி பெருகும், செலவு குறையும், நாடு முன்னேறும் என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எந்த இடத்தில் உண்மை நின்றுபோகிறது என்பதைப் பார்ப்போம்.

பாபாசாகேப் கேட்ட கேள்வி

வெளிநாட்டு வணிகத்தைப் பற்றி நமக்குப் பேசத் தெரியாது என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். அம்பேத்கரின் பொருளாதார ஆய்வுகளில் முதன்மையானது ரூபாயைப் பற்றியது. 1923இல் லண்டனில் அந்நூல் வெளிவந்தது. வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு இறங்கிய காலத்தில் இந்தியாவின் ஏற்றுமதி கூடியது. அதனால் நாட்டுக்கு லாபம் என்று பலரும் வாதிட்டார்கள். அம்பேத்கர் அந்த லாபத்தைப் பிரித்துப் பார்த்தார். விலைவாசி ஏறியது, கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆகவே ஏற்றுமதியாளருக்குக் கிடைத்ததில் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது அன்று. இங்கே கூலிக்காரரின் தட்டிலிருந்து எடுத்தது. நாட்டுக்கு லாபம் என்று எழுதப்படுவது, நாட்டுக்குள் ஒரு வகுப்பிடமிருந்து இன்னொரு வகுப்புக்குக் கைமாறியதாக இருக்கலாம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைவோம்.

கடலில்லாத ஊரின் கடல் வணிகம்

கொங்குக்கும் கடலுக்குமான உறவு பழையது. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளும் அகழாய்வில் கிடைத்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. மேற்குக் கரையின் முசிறியில் இறங்கிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வந்திருக்கிறது. கல்லைத் தீட்டிய கைகள் யாருடையவை என்று எந்தக் காசும் சொல்லவில்லை.

இன்றைய கதை பருத்தியில் தொடங்குகிறது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1970களின் இறுதியில் திருப்பூர் பனியன் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கியது. 2024–25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய் என்று ஏற்றுமதியாளர்களே கணக்குச் சொன்னார்கள்.

இந்த ஆடையில் பெரும்பகுதி தூத்துக்குடி வழியாகப் போகிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருப்பூரிலிருந்து கொச்சி 200 கிலோமீட்டர் சொச்சம். தூத்துக்குடி 300க்கு மேல். பக்கத்தில் ஒரு துறைமுகம் இருக்க, கன்டெய்னர் லாரி ஏன் தாராபுரம், திண்டுக்கல், மதுரை என்று அவ்வளவு தூரம் ஓடுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் துறைமுகம் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும். சரக்கு அனுப்புகிறவர் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பதில்லை. வாரத்துக்கு எத்தனை கப்பல் அங்கே வருகிறது, இந்தக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, எந்த நிறுவனத்தின் கப்பல் எந்த நாட்டுக்கு நேராகப் போகிறது, மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று பார்க்கிறார். சரக்கு அதிகம் சேரும் இடத்துக்குக் கப்பல் அதிகம் வரும். கப்பல் அதிகம் வரும் இடத்துக்குச் சரக்கு சேரும். சந்தை கூடும் ஊரில்தான் மேலும் சந்தை கூடும் என்பது போல.

பெட்டியும் தாய்க்கப்பலும்

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன்பு மூட்டையும் சிப்பமுமாக, ஒவ்வொன்றையும் தொழிலாளர்கள் தோளிலும் வலையிலும் ஏற்றினார்கள். ஒரு டன் ஏற்ற அப்போது 5.83 டாலர் ஆனது. பெட்டியில் வைத்தபோது 16 சென்ட்தான் ஆனது. உலக வணிகத்தின் முகத்தை மாற்றியது இந்தப் பெட்டிதான்.

பெட்டி வந்ததும் கப்பல் பெருத்தது. பெருத்த கப்பலில் ஒரு பெட்டிக்கான செலவு குறைவு. இன்றைய பெரிய கப்பல்கள் 20 அடிப் பெட்டிகள் 24,000 வரை சுமக்கின்றன. அவை மிதக்க 16, 17 மீட்டர் ஆழம் வேண்டும். இவற்றைத் தாய்க்கப்பல் என்கிறோம். அந்த ஆழம் இல்லாத துறைமுகத்துக்குள் அவை நுழையாது. அங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பல்கள் பெட்டிகளை எடுத்துப்போய் ஆழமான துறைமுகத்தில் இறக்க, அங்கே தாய்க்கப்பலில் ஏற்றுவார்கள். கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து காந்திபுரத்தில் சென்னை பஸ் ஏறுவதுபோல.

நம் தூத்துக்குடிக்கு நீண்ட காலமாகக் காந்திபுரமாக இருந்தது கொழும்பு. ஓர் இரவுப் பயணம். அரசு சொல்லும் கணக்கின்படி, இப்படிக் கப்பல் மாற்ற வேண்டிய இந்தியச் சரக்கில் சுமார் 75 விழுக்காடு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாற்றப்பட்டது. அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் ஆகிய மூன்றும் எடுத்துக்கொண்டன. கொழும்பு மட்டும் 45 விழுக்காடு. இதனால் இந்தியத் துறைமுகங்கள் இழக்கும் தொகை ஆண்டுக்கு 20 கோடி டாலருக்குக் குறையாது என்பது அரசின் மதிப்பீடு.

விழிஞ்ஞம் இங்கேதான் வருகிறது. கரைக்கு அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். பன்னாட்டுக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது. ஓராண்டுக்குள் 10 லட்சம் பெட்டிகளைத் தாண்டியது. கொழும்பில் நடந்த வேலையில் ஒரு பகுதி இப்போது இந்தியக் கரையில் நடக்கிறது.

ஆக, புதிய துறைமுகம் வெளிநாட்டு வணிகத்தில் மூன்றைத் தொடுகிறது. ஒன்று செலவு: இரண்டு முறை ஏற்றி இறக்கும் கூலியும் ஃபீடர் வாடகையும் குறையலாம். இரண்டு நாள்: கொழும்பில் தாய்க்கப்பலுக்காகப் பெட்டி காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகலாம். மூன்று பிடிமானம்: அண்டை நாட்டில் வேலைநிறுத்தமோ நெரிசலோ நெருக்கடியோ வந்தால் நம் சரக்கு அங்கே மாட்டிக்கொள்ளாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துறைமுகம் இருவழிப் பாதை. பனியன் போகும் வாசலில்தான் வெளிநாட்டுப் பஞ்சும் வருகிறது. 2025 ஆகஸ்டில் பருத்திக்கான 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஆலைகளுக்கு நிம்மதி, பருத்தி விளைவித்தவருக்கு அடி. வாசல் அகலமானால் இரண்டு பக்கமும் வேகம் கூடும்.

வாசல் மட்டும் வீடாகாது

துறைமுகம் கட்டினால் வணிகம் தானாக வந்துவிடுமா? இலங்கையின் அம்பாந்தோட்டையைப் பாருங்கள். 2010இல் திறந்தார்கள். கப்பல் பாதை பக்கத்தில்தான். ஆனால் பின்னால் ஏற்றுமதி செய்யத் தொழில் இல்லை, சரக்கு இல்லை. கடன் சுமையோடு 2017இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2011இல் கொச்சி வல்லார்பாடம் முனையம் திறந்தபோது, கொழும்புக்குப் போகும் சரக்கெல்லாம் இங்கே திரும்பிவிடும் என்றார்கள். அந்த அளவுக்குத் திரும்பவில்லை. நம் கன்டெய்னர் லாரிகளும் தூத்துக்குடிச் சாலையை விட்டுவிடவில்லை.

கரைக்கு அப்பால் நடப்பதைத் துறைமுகம் மாற்ற முடியாது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபின், ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. இரண்டு வாரம் வரை கூடுதலானது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. அன்று திருப்பூரில் ஆர்டர் நின்றதற்கும் துறைமுகத்தின் ஆழத்துக்கும் தொடர்பில்லை. கப்பலும் பெரும்பாலும் நம்முடையது இல்லை. உலகின் கன்டெய்னர் கப்பல்களில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருப்பவை ஒருசில வெளிநாட்டு நிறுவனங்கள்தான். 2021இல் அவை கப்பல் கட்டணத்தைப் பலமடங்கு ஏற்றியபோது நம் ஏற்றுமதியாளர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். துறைமுகம் இருந்தும் கப்பல் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.க்குத் தெரிந்திருந்தது.

மனிதர்களே சரக்காக இருந்த காலம்

நம் மக்களுக்குத் துறைமுகம் புதிதில்லை. நாம் அதன் வழியாக முதலில் போனது சரக்காகத்தான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஒடுக்கப்பட்டவர்களே அதில் பெரும்பங்கு. தேயிலை இலங்கையின் ஏற்றுமதியானது. அதைப் பறித்தவர்கள் தமிழகத்தின் ஏற்றுமதியானார்கள்.

1964இல் ஒரே வாரத்தில் இரண்டு நிகழ்வுகள். அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நவம்பர் 5 அன்று அதே சாஸ்திரி தூத்துக்குடியில் புதிய துறைமுகப் பணியைத் தொடங்கிவைத்தார். அது 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமானது. ஒரு கையெழுத்து மனிதர்களைக் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. இன்னொன்று சரக்குக்கு வாசல் திறந்தது. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் நீலகிரித் தோட்டங்களிலும் நம் ஆலைகளிலும் இன்றும் இருக்கிறார்கள். துறைமுக வரலாற்றில் அவர்களும் ஓர் அத்தியாயம்.

மிச்சமாகும் நாட்கள் யாருக்கு?

இப்போது என் அம்மாவின் தூக்கத்துக்கு வருகிறேன்.

ஏற்றுமதி ஆர்டர்களில் பெரும்பாலானவை எஃப்.ஓ.பி. முறையில் நடப்பவை. சரக்கைக் குறித்த தேதிக்குள் துறைமுகத்தில் கப்பலேற்றுவது வரை நம் முதலாளியின் பொறுப்பு. அதற்குப் பிறகு பையருடையது. ஒவ்வொரு கப்பலுக்கும் பெட்டியை ஒப்படைக்க ஒரு கடைசி நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் பையர் தள்ளுபடி கேட்பார், அல்லது விமானத்தில் அனுப்பச் சொல்வார். விமானச் செலவு முதலாளி தலையில். லாபம் முழுக்க அதிலேயே போய்விடலாம். துணி தாமதமாக வந்திருக்கும், சாயப்பட்டறை இழுத்திருக்கும், பையர் டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றியிருப்பார். அந்த எல்லாத் தாமதத்தையும் ஈடுகட்ட ஒரே இடம் கடைசிக் கட்டம்தான்: தையல், செக்கிங், அயர்னிங், கைமடி, பேக்கிங். இந்தத் தாமதங்களெல்லாம் கீழே கீழே தள்ளப்பட்டுக் கடைசியில் வந்து நிற்பது அங்கே நிற்கும் பெண்ணின் மேல். துறைமுகத்தின் கடிகாரம் அவள் தலைக்கு மேல்தான் ஓடுகிறது.

புதிய துறைமுகத்தால் ஐந்து நாள் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து நாள் யாருக்குப் போகும்? பையர் தன் ஆர்டர் கால அளவை ஐந்து நாள் சுருக்கலாம்; அப்போது அது அவருடையது. முதலாளி கூடுதலாக ஓர் ஆர்டர் பிடிக்கலாம். அப்போது அது அவருடையது. வெள்ளிக்கிழமை இரவு அம்மா வீட்டுக்கு வரலாம். அப்போதுதான் அது எங்களுடையது. இந்த மூன்றில் எது நடக்கும் என்பதைக் கடலின் ஆழம் தீர்மானிப்பதில்லை. பேரம் பேசும் வலிமை தீர்மானிக்கிறது. நம் நாட்டில் அந்த வலிமை சாதிவாரியாகவே பங்கிடப்பட்டிருக்கிறது.

ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய ஆய்வு நூலில், உழவர்களாகவும் தொழிலாளர்களாகவும் இருந்த கவுண்டர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்று விளக்குகிறார். தங்கள் உழைப்பால் உயர்ந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. உழைத்தது உண்மை. ஆனால் நிலம், சொந்தபந்தம், நம்பிக்கையின் பேரில் கிடைத்த கடன் ஆகியவை அந்த உழைப்புக்குத் துணையாக இருந்தன. அதே உழைப்பை உழைத்த மாதாரிக்கு இவற்றில் எதுவும் இல்லை. உழைத்தவர் எல்லோரும் முதலாளி ஆகவில்லை என்பதற்கான விடை அங்கே இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகிய ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களை ஆராய்ந்தார்கள். விசைத்தறிக் கூடத்தில் அட்வான்ஸ் வாங்கிக் கடனில் கட்டுண்ட தலித்துகளையும், பனியன் கம்பெனிக்குப் போக முடிந்தவர்களையும் அவர்கள் பார்த்தார்கள். கம்பெனிக்குப் போனவருக்குப் பண்ணாடி வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டிய தேவை குறைந்தது. என் குடும்பமும் அப்படித்தான் தோட்டத்துக் கூலியிலிருந்து வெளியே வந்தது. எனக்கு எம்.ஏ. படிப்பு வந்தது கைமடிக் கூலியிலிருந்து. ஆகவே ஏற்றுமதியே வேண்டாம், துறைமுகமே வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்த வாசல் எங்களையும் கொஞ்சம் வெளியே விட்டது. முழுக்க ஏன் விடவில்லை என்பதுதான் என் கேள்வி.

அதே ஏற்றுமதிக்காக நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் இளம்பெண்களைக் கல்யாணச் செலவுக்கான மொத்தத் தொகையைக் காட்டி விடுதிகளில் அடைத்தார்கள். அதே ஏற்றுமதியின் சாயம் நொய்யலில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. இந்தச் செலவுகள் எதுவும் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் கழிக்கப்படுவதில்லை.

கரையில் இருந்தவர்கள், கரையில் உழைத்தவர்கள்

துறைமுகம் கட்டப்படும் இடத்திலும் இதே கணக்குதான். வல்லார்பாடத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் போட 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்தார்கள். அத்திட்டத்தால் வெளியேற்றப்பட்ட 316 குடும்பங்களில் பல, வாக்களித்த மறுவாழ்வுக்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தன. விழிஞ்ஞத்தில் 2022இல் மீனவர்கள் நான்கு மாதத்துக்கு மேல் போராடினார்கள். கடல் அரித்த வீடுகளை விட்டுக் கிடங்குகளில் வாழ்ந்தவர்கள் அவர்களில் உண்டு. வாதவனில் எதிர்த்து நிற்பவர்கள் மீனவர்களும் ஆதிவாசிகளும். பெரிய நிகோபாரில் ஷோம்பென், நிகோபாரி மக்கள். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 பெட்டிகளோடு கவிழ்ந்தபோது, கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணையைப் பொறுக்கும் வேலையும் மீன்பிடித் தடையும் யாருக்கு வந்தன என்று சொல்ல வேண்டியதில்லை.

துறைமுகத்தின் உள்ளே வேலை பார்ப்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றாடம் வாசலில் நின்று, மேஸ்திரி கைகாட்டினால் மட்டும் கூலி என்றிருந்த துறைமுகத் தொழிலாளர்களுக்குப் பதிவும் உறுதியான வேலையும் தர 1948இல் ஒரு சட்டம் வந்தது. அப்போது ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். பிறகு பெட்டி வந்தது; தோள்களின் தேவை குறைந்தது. அடுத்து நிர்வாக முறையே மாறியது. 2021இன் பெருந்துறைமுக அதிகாரச் சட்டம், துறைமுக நிர்வாகம் நிலத்துக்கு உரிமையாளராக இருந்துகொண்டு முனையங்களைத் தனியாருக்கு விடும் முறையை உறுதிப்படுத்தியது. நம் ஊர்ப் பண்ணாடி தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதுபோலத்தான். குத்தகைக்காரரின் தோட்டத்தில் அரசமைப்பின் 16ஆவது பிரிவு வேலை செய்யாது. பெருந்துறைமுக நிர்வாகத்தின் வேலைகளில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் தனியார் முனையத்தில் இல்லை. விழிஞ்ஞம் போன்ற இடங்களில் இயக்குவதே தனியார் நிறுவனம்தான். நாட்டின் வணிகத்தில் அளவின்படி 95 விழுக்காடு கடல் வழியாகப் போகிறது. அந்த வாசல்களில் ஒவ்வொன்றாக இடஒதுக்கீடு சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. புதிய துறைமுகத் திறப்பு விழாக்களில் நாம் எழுப்பாத கேள்வி இது.

வாசல் திரும்பிய ஒரு நாள்

இதையெல்லாம் கேட்டு மாணவ நண்பர்கள் சோர்ந்துவிடக் கூடாது. நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். அவரைத் தொடர்ந்து தொந்தரவு செய்துவந்த மேற்பார்வையாளர் கைதானார். அவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை; அவருடைய குடும்பத்தின் துயரம் உரைக்கான உதாரணம் அன்று. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆலை வாசலில் போராடியதோடு நிற்கவில்லை. அந்த ஆலையில் தைத்த ஆடை எந்தக் கப்பலேறி எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்கிறது என்று பின்தொடர்ந்து போனது. ஆசியத் தொழிலாளர் அமைப்புகளும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் கைகோத்தன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராக ஆலைத் தளத்திலேயே பெண் கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள். மீறினால் வெளிநாட்டு பிராண்டுகள் வணிக அழுத்தம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். நாமறிந்த வரை சாதி என்ற சொல்லை இப்படி ஏற்றுமதி ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தவர்கள் நம் பெண்கள்.

அதே ஆண்டு ஜூலை 29 அன்று, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, அந்த ஆலையின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க அமெரிக்கச் சுங்கத்துறை உத்தரவிட்டது. ஆலை மூடினால் வேலை போவது யாருக்கு என்பது சங்கத்துக்குத் தெரியும். ஒப்பந்தத்தின்கீழ் நடந்திருக்கும் மாற்றங்களைச் சான்றுகளோடு எடுத்துவைத்தார்கள். செப்டம்பர் 7 அன்று தடை நீங்கியது. உற்பத்தியும் நிற்கவில்லை, உரிமையும் கைவிடப்படவில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். சரக்கு எவ்வளவு தூரம் போகிறதோ, நம் கோரிக்கையும் அவ்வளவு தூரம் போக முடியும். வெளிநாட்டு வணிகம் ஒரு சங்கிலி. அதில் துறைமுகம் மிகக் குறுகலான இடம். எல்லாப் பெட்டியும் அந்த வாசல் வழியாகப் போயாக வேண்டும். குறுகலான இடத்தில் நிற்பவருக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. இதுவரை அங்கே கப்பல் நிறுவனமும் அரசும் நின்றன. நாமும் போய் நிற்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, பொது நிலத்திலும் பொதுப் பணத்திலும் எழும் துறைமுக முனையங்களில் இடஒதுக்கீடு குத்தகை நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். இரண்டாவது, கரையை இழப்பவருக்கான மறுவாழ்வு முதல் கப்பல் வருவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். மூலம்பிள்ளி இன்னொரு முறை கூடாது. மூன்றாவது, போக்குவரத்தில் மிச்சமாகும் செலவிலும் நாட்களிலும் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும். திருப்பூரின் கூலிப் பேச்சுவார்த்தைகளில் இரவு வேலைக்கும் கட்டாய ஓவர்டைமுக்கும் எல்லை வகுப்பதே அந்தப் பங்கின் முதல் தவணை. நான்காவது, திண்டுக்கல் ஒப்பந்தம் ஓர் ஆலைக்குழுமத்தோடு நின்றுவிடாமல் கொங்கின் ஏற்றுமதி ஆலைகளுக்கெல்லாம் பரவ வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் யாராவது ஒருவர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருப்பார். அவர் தைத்த ஒரு சட்டையின் பாதையை எழுதுங்கள். பஞ்சு எங்கிருந்து வந்தது, நூற்றது யார், சாயம் எங்கே போனது, பெட்டி எந்தத் துறைமுகத்தில் ஏறியது, கடையில் என்ன விலை, அவருக்குக் கிடைத்தது எவ்வளவு? ஒவ்வொரு கையிலும் எவ்வளவு தங்கியது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு லாபம் என்ற சொல்லை அம்பேத்கர் பிரித்துப் பார்த்த முறை அதுதான்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. சென்ற மாதம் விழிஞ்ஞத்தில் நிற்கும் ஒரு தாய்க்கப்பலின் படத்தைக் கைபேசியில் அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத்தாச்சோடு இருக்குதே கண்ணு, இது ஒருநாள் கூட நின்னிருக்கக் கூடாதா?"

நிற்கும், அம்மா. நாம் சேர்ந்து கேட்டால் நிற்கும்.

ஜெய்பீம்.